எக்ஸ் மோட்டாருக்குப் போட்ட மாலை

திருப்பதியில் நாங்கள் மாடியில் குடியிருக்கும் வீட்டின் கேட்டில் ஒரு பெயர்ப் பலகை உண்டு. வீட்டுக்கார மாமாவின் பெயர், அவர் கோயிலில் செய்யும் கைங்கரியம், அதற்குக் கீழே வெளிநாட்டில் இருக்கும் இரண்டு பிள்ளைகளின் பெயர்கள், அவற்றை ஒட்டி ஆளுக்கு ஒரு முழ நீளத்துக்குப் பட்டங்கள். எல்லாவற்றுக்கும் கீழே தனித் தகட்டில் 'நாய்கள் ஜாக்கிரதை' என்று இருந்தது. அந்த வீட்டில் நாய் வளர்த்ததே கிடையாது. பதினோரு வருஷமாகக் குடியிருக்கிறேன், ஒரு குரைப்புக்கூடக் கேட்டதில்லை. இல்லாத நாய்க்கு இடம் ஒதுக்கிய அந்தக் கேட்டில், இருக்கிற மாமிக்கு இடம் இருக்கவில்லை. மாமி மெக்கானிக்கல் டிப்ளமோ படித்தவர் என்ற விஷயமே எனக்கு ஒன்பதாவது வருஷம்தான் தெரிந்தது.

அது தெரிந்தது ஒரு பார்சலால். நான் ஒரு ஜூனியர் கல்லூரியில் இயற்பியல் ஆய்வகத்தைப் பார்த்துக்கொள்கிறேன். பத்துப் பதினைந்து வீடியோ பார்த்துவிட்டு, எனக்கு எல்லாம் தெரியும் என்ற முடிவுக்கு வந்து, ஒரு சின்ன சி.என்.சி. மிஷினை உதிரி உதிரியாக வரவழைத்தேன். கணினியில் ஒரு படம் போட்டுக் கொடுத்தால் அதைப் பார்த்து மரத்தில் தானே செதுக்கும் மிஷின். பாலசமுத்திரத்தில் இருக்கும் என் அப்பாவுக்குப் போன் செய்து பெருமையாகச் சொன்னேன்.

"இன்னாம்மா அது, நெல்லு குத்துமா?"

"குத்தாது நைனா. மரத்துல டிசைன் போடும்."

"அதுக்குத்தான் தச்சன் கீறானே" என்று சொல்லிவிட்டு மோட்டார் கொட்டகைக்குப் போய்விட்டார்.

பார்சல் வந்த அன்று நான் கல்லூரியில் இருந்தேன். மாமிதான் கையெழுத்துப் போட்டு வாங்கி, மேலே ஒட்டியிருந்த சாமான் பட்டியலையும் படித்து வைத்திருந்தார். சாயங்காலம் படியேறப் போனவளை நிறுத்தி, "மூணு ஸ்டெப்பர் மோட்டார் வந்திருக்கே, சி.என்.சி. கட்டப் போறியா?" என்றார். புளியோதரைக்குப் பொடி வறுக்கிற கையோடு கேட்டார். என் கையில் இருந்த காய்கறிப் பை நழுவியது.

பாலிடெக்னிக்கில் அந்த வகுப்பில் மாமி ஒருவர்தான் பெண்ணாம். கடைசித் தேர்வு முடிந்த அடுத்த மாதம் கல்யாணம். சர்டிபிகேட் பீரோவில், கூறைப் புடவையின் மடிப்புக்குள், முப்பத்தைந்து வருஷமாகப் பத்திரமாக இருக்கிறது. புடவையையாவது விசேஷத்துக்கு எடுத்துக் கட்டியிருக்கிறார்.

அன்றிலிருந்து தளிகை, அதாவது சமையல் வேலை முடிந்ததும் பதினோரு மணிவாக்கில் மாமி மொட்டைமாடி அறைக்கு ஏறி வருவது வழக்கமானது. எனக்குக் கல்லூரி இல்லாத நாட்களில் இரண்டு பேருமாக உட்கார்ந்து கட்டினோம். என் வீட்டுக்காரர் பலமனேரில் பால் குளிரூட்டும் நிலையத்தில் வேலை பார்க்கிறார், ஞாயிற்றுக்கிழமைதான் வருவார். வந்தால் மிஷினைத் தூரத்திலிருந்து பார்த்து, "ஷாக் அடிக்கப் போவுது" என்று ஒரு தொழில்நுட்ப ஆலோசனை சொல்லிவிட்டுத் தூங்குவார்.

ஸ்டெப்பர் மோட்டார் மற்ற மோட்டார் மாதிரி கண்மண் தெரியாமல் சுற்றாது. படி படியாகத்தான் திரும்பும். 'நூறு படி போ' என்று கணினி சொன்னால் நூறு படி போய் நிற்க வேண்டும். போனாயா என்று கணினி திரும்பிக் கேட்காது. எங்கள் கல்லூரி நிர்வாகமும் இதே முறையில்தான் நடக்கிறது என்பதால் எனக்கு இது சட்டென்று புரிந்தது. மோட்டார் எங்காவது இடித்துக்கொண்டு தொண்ணூறு படியில் திணறி நின்றாலும், கணினியைப் பொறுத்தவரை அது நூறு போயாகிவிட்டது. மிச்ச வேலை முழுவதையும் அந்த நினைப்பிலேயே செய்து முடிக்கும்.

முதல் தகராறு ஒயரில் வந்தது. மோட்டாருக்கு நாலு ஒயர், உள்ளே இரண்டு சுருள். எந்த இரண்டு ஒயர் ஒரே சுருளைச் சேர்ந்தவை என்று தெரிந்து மாட்ட வேண்டும். பெட்டியில் வந்த தாளில் நிறம் போட்டிருந்தது, நான் அதை நம்பி மாட்டினேன். மோட்டார் சுற்றவில்லை, நின்ற இடத்திலேயே குளிர் ஜுரம் வந்த மாதிரி நடுங்கியது. நான் ஒரு மணி நேரம் போனில் தேடினேன். மாமி ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். மின்சாரத்தை அணைக்கச் சொன்னார். இரண்டு ஒயர் முனைகளைச் சேர்த்து முறுக்கி, மோட்டார் தண்டை விரலால் திருப்பினார்.

"இது லேசா சுத்தறது. ஜோடி இல்லை." வேறு இரண்டை முறுக்கினார். "இப்ப திருப்பு. இறுகிடுத்து பார்த்தியா? இது ரெண்டும் ஒரே சுருள்."

மூன்று மோட்டாருக்கும் சேர்த்துப் பத்து நிமிஷம். தாளில் போட்டிருந்த நிறம் முழுக்கத் தப்பு. இதே தத்துவத்தைத்தான் நான் வருஷாவருஷம் பிள்ளைகளுக்கு ஆய்வகத்தில் காந்தத்தை வைத்துச் செய்து காட்டுகிறேன். அதனால் வாயைத் திறக்காமல் ஒயரைப் பிடித்துக்கொண்டேன். மொத்த ஒயரிங்கும் அதற்குப் பிறகு மாமி கைக்குப் போனது.

அந்தச் சந்தோஷத்தில்தான் மாமி ஒரு காரியம் செய்துவிட்டார். மாமாவின் தங்கை, அதாவது மாமிக்கு நாத்தனார், சித்தூரில் வீடு கட்டிக்கொண்டிருந்தார். ஏதோ ஒரு விசேஷத்தில் எல்லோரும் கூடியிருந்தபோது, "பெருமாள் உள்ளுக்குக் கதவு நான் மிஷின்ல செதுக்கித் தரேன், திருமண்ணும் சங்கு சக்கரமுமா" என்று பூஜையறைக் கதவுக்கு வாக்குக் கொடுத்துவிட்டார். கூடம் முழுக்கச் சிரித்திருக்கிறது. "மன்னி, உங்க புளியோதரையே போறும்" என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். ஆனால் நாத்தனார் என்ன நினைத்தாரோ, சரி என்று சொல்லி, இடித்த பழைய வீட்டிலிருந்து எடுத்து வைத்திருந்த ஒரு தேக்குப் பலகையை அனுப்பியும் வைத்தார். கதவின் நடுவில் பதிக்கிற அளவுக்கு, ஒரு முழத்துக்கு, ஒரே பலகை. கெட்டுப்போனால் வேறு கிடையாது. கார்த்திகையில் கிரகப்பிரவேசம்.

சொந்தக்காரர்கள் முன்னால் தன் படிப்பைப் பற்றி மாமி வாயைத் திறந்தது கல்யாணத்துக்குப் பிறகு அன்று ஒரு நாள்தான். கதவு நன்றாக வராவிட்டால் இனிமேல் திறக்கவே மாட்டார். இதை அவர் சொல்லவில்லை, எனக்கே தெரிந்தது. பலகையைத் துடைத்துத் துடைத்து வைத்த விதத்தில் தெரிந்தது.

ஆயுத பூஜைக்கு முந்தின நாள் மிஷினில் ஒரு பேனாவைக் கட்டி வட்டம் போட்டுப் பார்த்தோம். காம்பஸ் வைத்துப் போட்டதுபோல் வந்தது. மறுநாள் பூஜை. மாமி துளசியும் முல்லையுமாகத் தானே தொடுத்த ஒரு சாண் சரத்தை மிஷின் தலையில் வைத்து, பொட்டுச் சந்தனம் இட்டார். "இரும்புக்கு எதுக்கு மாமி பூவு?" என்று நான் கேலி செய்தேன். பேசி முடிப்பதற்குள் என் வீட்டுக்காரர் பலமனேரிலிருந்து ஒரு பெரிய சாமந்தி மாலையோடு வந்து இறங்கினார். பகுத்தறிவு இருக்கட்டும், போட்டோவில் வெறும் இரும்பு நன்றாக இருக்காதே. எக்ஸ் மோட்டார், அதாவது செதுக்கும் தலையை இடமும் வலமும் இழுக்கிற மோட்டார், அதன் கழுத்தில் இரண்டு சுற்றுச் சுற்றிக் கட்டினேன். போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் வைத்தேன். கல்லூரியே பாராட்டியது. மறுநாள் காலை மாமி தன் சரத்தை எடுத்துத் துளசி மாடத்தில் போட்டுவிட்டார். என் மாலை ஐந்து நாள் கிடந்து காய்ந்தது. ஆறாவது நாள் கல்லூரிக்குக் கிளம்புகிற அவசரத்தில் ஒரே இழுப்பாக இழுத்துக் குப்பையில் போட்டேன். மரத்தூள் விழக்கூடாது என்று ஒரு பிளாஸ்டிக் டப்பாவை வெட்டி, மோட்டார் தண்டு இருக்கிற பக்கத்தை மூடி, நாலு ஸ்க்ரூ போட்டு இறுக்கினேன்.

அதற்குப் பிறகுதான் சோதனைகள். மலிவான பலகைத் துண்டில் திருமண்ணைச் செதுக்கப் போட்டோம். மாமி வீடு தென்கலை. நெற்றியில் இரண்டு வெள்ளைக் கோடு, நடுவில் சிவப்பு, கீழே மூக்கின் மேல் இறங்கும் ஒரு பாதம். மிஷின் வலப்பக்கம் போகிறவரை அழகாகப் போனது. இடப்பக்கம் திரும்பும்போது மட்டும் ஒரு முக்கல் முக்கியது. அரை மணியில் வேலை முடிந்து தூசியை ஊதிப் பார்த்தால், பாதம் நடுவை விட்டு விலகிக் கன்னத்துப் பக்கம் போயிருந்தது.

"பெருமாளே, இது எந்தக் கலை?" என்றார் மாமி.

"புதுசா வந்துகீது மாமி."

இரண்டாவது துண்டில் பாதம் முழுக்கக் கழன்று தனியாக நின்றது. அது இல்லாமல் மேலே இருந்ததைப் பார்த்தால் அச்சாக வடகலை நாமம். இரண்டு கலைக்கும் நடுவில் பல தலைமுறையாக ஓயாத வழக்கை என் மிஷின் இருபத்தைந்து நிமிஷத்தில் ஒரு பக்கமாகத் தீர்த்து வைத்துவிட்டது. மாமி அந்தத் துண்டைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்து, "மாமா கண்ணுல காட்டிடாதே" என்றார். இரண்டு பேரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தோம். அதற்குப் பிறகு ரொம்ப நாளைக்குச் சேர்ந்து சிரிக்கவில்லை.

கோளாறு பார்க்கிற பொறுப்பை நான் ஏற்றுக்கொண்டேன். யாரும் கொடுக்கவில்லை, நானே ஏற்றுக்கொண்டேன். இணையத்தில் கேட்டேன். உலகத்தின் நான்கு மூலையிலிருந்தும் முகம் தெரியாத ஆண்கள் பதில் போட்டார்கள், ஒருவர் சொன்னதை அடுத்தவர் முட்டாள்தனம் என்றார். கரண்ட் போதவில்லை என்றார் ஒருவர். மோட்டாரை இயக்குகிற டிரைவர் போர்டில் ஒரு குட்டித் திருகு இருக்கும், அதைத் திருப்பிக் கரண்டை ஏற்றினேன். மோட்டார் அப்பளம் சுடுகிற சூட்டுக்கு வந்தது, பாதம் கன்னத்திலேயே இருந்தது. வேகத்தைக் குறை என்றார் இன்னொருவர். குறைத்தேன். அரை மணி வேலை மூன்று மணியானது, பாதம் நிதானமாகக் கன்னத்துக்குப் போனது.

"அந்த மூடியைக் கழட்டி, தண்டைக் கையால சுத்திப் பாக்கலாமா?" என்று மாமி கேட்டார்.

"மெக்கானிக்கலா ஒண்ணும் இல்ல மாமி. இது எலக்ட்ரிகல்" என்றேன். ஏன் அவ்வளவு உறுதியாகச் சொன்னேன் என்று இன்றுவரை தெரியவில்லை. மெக்கானிக்கல் அவர் படித்தது, எலக்ட்ரிகல் நான் படித்தது என்பதைத் தவிர வேறு காரணம் தோன்றவில்லை.

அடுத்து எக்ஸ் டிரைவரையும் ஒய் டிரைவரையும் மாற்றிப் போட்டுப் பார்க்க முடிவு செய்தேன். கோளாறு டிரைவரோடு இடம் மாறினால் டிரைவர்தான் குற்றவாளி. நல்ல முறைதான், மின்சாரத்தை அணைத்துவிட்டுச் செய்தால். நான் அணைக்கவில்லை. ஓடுகிற மோட்டாரின் ஒயர் பிளக்கை உருவினேன். 'டப்' என்றது, கருகிய வாசனை வந்தது, டிரைவர் பெருமாள் திருவடி சேர்ந்தது. "ஒயருல எங்கியோ ஷார்ட்டு கீது" என்றேன் உரக்க. மாமி தான் போட்ட ஒயர்களை ஒவ்வொன்றாக மறுபடி மீட்டர் வைத்துப் பார்த்தார். எதிலும் ஷார்ட் இல்லை. நான் ஜன்னல் வழியாகக் கொடியில் காயும் துணியைப் பார்த்தேன்.

புது டிரைவர் வாங்க டவுனுக்குப் போனேன். கடைக்காரர் என்னைப் பார்த்தார், என் பின்னால் பார்த்தார், வாசலைப் பார்த்தார். "சார் ராலேதா மேடம்?" என்றார். சார் வரவில்லை என்றேன். எந்த வோல்ட், எந்த அளவு, எத்தனை பின் எல்லாம் நான் சொன்ன பிறகும், "சார்னி ஒகசாரி ஃபோன்லோ அடகண்டி" என்றார். சாரிடம் போனில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ள வேண்டுமாம். பலமனேருக்குப் போன் போட்டுக் கொடுத்தேன். "ஷாக் அடிக்கப் போவுது, ஜாக்கிரதையா பாத்து குடுங்க" என்றார் சார். கடைக்காரர் திருப்தியாகத் தலையாட்டி டிரைவரை எடுத்துக் கொடுத்தார். பஸ்ஸில் வரும்போது அந்தக் கடைக்காரரை மனசுக்குள் கண்டபடி திட்டினேன். இரண்டு நாள் கழித்து அவரைவிட மட்டமான காரியத்தை நானே செய்யப் போகிறேன் என்பது அப்போது தெரியாது.

புது டிரைவரிலும் அதே முக்கல், அதே கன்னம். அந்தச் சோதனைத் துண்டு இன்னும் மிஷினில் இருக்கும்போது நாத்தனார் சொல்லாமல் கொள்ளாமல் வந்துவிட்டார். கதவு எந்த அளவில் இருக்கிறது என்று பார்க்க மாடியேறி வந்தார். துண்டைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"என்ன மன்னி, திருமண் ஒரு பக்கமாப் போயிடுத்தே?"

மாமி என்னைப் பார்த்தார். ஏதோ டெஸ்டிங், சரியாகிவிடும் என்று நான் சொல்வேன் என்று எதிர்பார்த்திருப்பார். எனக்கோ மூன்று வாரத்து எரிச்சல், கருகிய டிரைவர், கடைக்காரர், எல்லாம் ஒன்றாகச் சேர்ந்துகொண்டது.

"ஒயரிங் முழுக்க மாமிதான் பண்ணாங்க. பாவம், படிச்சு எவ்ளோ வருஷம் ஆச்சு. நான் கூட இருந்து பாத்திருக்கணும்" என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். "பூவு, சந்தனம்னு மிஷின்ல பூசினா வேற எப்டி இருக்கும்?" என்று சிரிக்க வேறு சிரித்தேன்.

நாத்தனாரும் சிரித்தார். மாமி அந்தத் துண்டை அவர் கையிலிருந்து வாங்கி மேஜையில் வைத்தார்.

"காப்பி கலக்கறேன், கீழ வாங்கோ" என்றார். என்னைக் கூப்பிடவில்லை.

அடுத்த நாள் பதினோரு மணிக்கு மாமி வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. படியில் எதிர்ப்பட்டபோது, "தச்சர்கிட்ட சொல்லியாச்சாம்" என்று மட்டும் சொன்னார். தேக்குப் பலகை என் அறைச் சுவரில் சாய்ந்தபடி இருந்தது. எனக்கு அவர் மேல்தான் கோபம் வந்தது. உண்மையைச் சொன்னால் இவ்வளவு ரோஷமா என்று இரண்டு நாள் தட்டு முட்டுச் சாமான்களைச் சத்தமாக வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை, மோட்டாரே கோளாறு என்று விற்றவனிடம் சண்டை போட வீடியோ எடுக்கலாம் என்று, மூடியின் நாலு ஸ்க்ரூவையும் எடுத்து, மோட்டாரை, தலையை நகர்த்துகிற திருகுத் தண்டிலிருந்து தனியாகக் கழற்றி ஓட்டினேன். வலம், இடம், வலம், இடம். வெண்ணெய் மாதிரி ஓடியது. பிறகுதான் தண்டுப் பக்கம் குனிந்து பார்த்தேன். மோட்டாரையும் தண்டையும் சேர்க்கிற கப்ளிங்குக்குப் பின்னால், தண்டில் ஒரு நூல் இறுக்கமாகச் சுற்றியிருந்தது. கிரீஸில் கறுத்து, பேரிங்குக்குள் பாதி நுழைந்து, நுனி மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. இடப்பக்கம் திரும்பும்போதெல்லாம் அந்த நுனி உள்ளே இழுபட்டுத் தண்டை நெரித்திருக்கிறது. மோட்டார் திணறிப் படியை விட்டிருக்கிறது. குறட்டால் பிடுங்கினேன். கூடவே காய்ந்த இதழ் இரண்டு வந்தது.

பூ! என் மனசு துள்ளியது. மாமி வைத்த பூ! நான் சொன்னேன் அல்லவா, பூவும் சந்தனமும் என்று? சத்தியமாகச் சொல்கிறேன், அதைக் காட்டி ஜெயிப்பதற்காகவே படியில் இறங்கி ஓடினேன். ஏழெட்டுப் படி இறங்கியிருப்பேன். கையில் இருந்தது வெளிச்சத்தில் மினுங்கியது. நைலான்.

மாமி பூவை நூலில் கட்ட மாட்டார். வாழைநார்தான். நாரை நனைத்துக் கிழித்து மடியில் போட்டுக்கொண்டு தொடுப்பதை வருஷக்கணக்காகத் தினமும் பார்க்கிறேன். பெருமாளுக்குச் சாத்துவது நூலில் இருக்கக் கூடாது என்பது அந்த வீட்டில் சின்னக் குழந்தைக்கும் தெரியும். இதழ் மஞ்சள். சாமந்தி. பலமனேர்ச் சாமந்தி. ஒரே இழுப்பாக இழுத்தபோது அறுந்து உள்ளே தங்கியது, அதன் மேல் மூடி போட்டு நாலு ஸ்க்ரூவில் இறுக்கியது, எல்லாம் ஒன்றன் பின் ஒன்றாக வந்து நின்றது. பூஜைக்கு முன்னால் வட்டம் சரியாக வந்தது, பிறகு வரவில்லை. நடுவில் என்ன மாறியது என்று முதலில் பார் என்று பிள்ளைகளைத் திட்டித் திட்டிச் சொல்லிக்கொடுப்பவள் நான். படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். வெட்கமாக இருந்தது. மாலையை வாங்கி வந்தவர் மேலே தூங்குகிறாரே, அவர் மேல் போடலாமா என்றுகூட ஒரு நிமிஷம் யோசித்தேன்.

மாமி சமையலறையில் வாழைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். வாசற்படிக்கு வெளியே நின்று உள்ளங்கையை விரித்துக் காட்டினேன். அவர் எட்டிப் பார்த்தார்.

"கப்ளிங் பின்னாடியா?"

"ஆமா மாமி."

"அதான் ஒரு பக்கம் திரும்பறச்சே மட்டும் இறுகியிருக்கு." நறுக்குவதை நிறுத்தவில்லை. "சாமந்தி."

"நான் கட்டினது. மன்னிச்சிருங்க மாமி."

கத்தி இரண்டு வாழைக்காய் தாண்டியது. "என்கிட்ட சொல்றே. அன்னிக்கு அவ முன்னாடின்னா சொன்னே" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

கிரகப்பிரவேசத்துக்கு எனக்கும் அழைப்பு இருந்தது. சித்தூருக்குப் போனேன். நூலைத் துடைத்து, ஒரு காகிதத்தில் மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டேன். தச்சர் போட்ட கதவு பெருமாள் உள்ளில் மாட்டியிருந்தது. திருமண் நூல் பிடித்தது போல் நேராக, பாதம் மூக்கின் மேலேயே இருந்தது. நன்றாகவே இருந்ததுதான் எனக்கு எரிச்சல்.

பந்தியில் உட்கார்ந்தோம். எதிர் வரிசையில் மாமாவின் அண்ணா, தம்பி, சித்தப்பாக்கள். மாமி எங்கள் வரிசையில் கடைசி இலை. குழம்பு வந்தபோது ஒருவர், "மன்னியோட மிஷின் கதவு எங்கே, காணோமே?" என்றார். இரண்டு வரிசையும் சிரித்தது. நாத்தனார், "ஒயரிங்ல என்னமோ தப்பாயிடுத்தாம், பாவம்" என்றார். என் வார்த்தைகள், சித்தூர் வரை பத்திரமாக வந்து சேர்ந்திருந்தன.

சாப்பிடுகிற இலையை விட்டு எழுந்தேன். அது மரியாதை இல்லை என்று எனக்குத் தெரியும்.

"ஒயரிங்ல ஒரு தப்பும் இல்லீங்க" என்றேன். "நான்தான் அன்னிக்கு தப்பா சொன்னேன். நான் கட்டின மாலையோட நூலு அறுந்து மிஷினுக்குள்ள மாட்டிக்கினு இருந்துச்சு. தொறந்து பாக்கலாம்னு மாமி சொன்னாங்க, நான் கேக்கல. டிரைவர் எரிஞ்சதும் என்னாலதான். மாமி கை வச்ச எதுலயும் கோளாறு இல்ல." இடது கையால் காகிதத்தைப் பிரித்து நூலைத் தூக்கிக் காட்டினேன்.

பரிமாறுகிறவர் ரச வாளியோடு என் முன் நின்று, "சாத்தமுது?" என்றார்.

பிறகு எதிர் வரிசைப் பெரியவர் ஒருவர், "மாலையை நூல்லயா கட்டறா இப்பல்லாம்?" என்று கேட்டார். கடையில் எல்லாம் அப்படித்தான் என்றார் ஒருவர். நைலான் ஆகாது, பருத்தி நூல் என்றால் பாதகமில்லை என்றார் இன்னொருவர். கூடாதென்றால் கூடாதுதான் என்றார் மூன்றாமவர். கண்ணமுதுப் பாயசம் வருகிறவரை வாழைநாரைப் பற்றியே இரண்டு வரிசையும் காரசாரமாக வாதித்தது. மெக்கானிக்கல் டிப்ளமோவைப் பற்றி ஒரு பிராணியும் வாயைத் திறக்கவில்லை. என் பெரிய வாக்குமூலம் பூக்கட்டும் பிரச்சினையாக முடிந்தது.

கடைசி இலையைப் பார்த்தேன். மாமி குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கண்ணமுதை இரண்டாம் முறை கேட்டு வாங்கினார். கிளம்பும்போது நாத்தனார் வாசல் வரை வந்து, "மன்னி, அந்தத் தேக்குப் பலகை உங்ககிட்டயே இருக்கட்டும். எதாவது பண்ணிக்கோங்கோ" என்றார்.

மறுநாள் பதினோரு மணிக்குப் படியில் செருப்புச் சத்தம் கேட்டது. மாமி மண்ணெண்ணெயில் நனைத்த துணியோடு வந்து தண்டைத் துடைத்தார், பேரிங்கைக் கழற்றி ஊதினார், கையால் சுற்றிப் பார்த்துத் தலையாட்டினார். வட்டம் போட்டோம், வந்தது. திருமண் போட்டோம், பாதம் மூக்கின் மேல் வந்தது. பிறகு தேக்குப் பலகையை மிஷினில் வைத்து இறுக்கினார். மறுபடியும் திருமண்தான் என்று நினைத்தேன். இடுப்பில் செருகியிருந்த பையிலிருந்து சர்டிபிகேட்டை எடுத்து என் கணினிக்குப் பக்கத்தில் வைத்தார்.

"இனிஷியல் இதுல இருக்கிற மாதிரியே போடு" என்றார்.

மேலே தெலுங்கில், கீழே தமிழில், மாமியின் பெயர். அவர் அப்பாவின் இனிஷியல். பெயரை ஒட்டி டி.எம்.இ., அதாவது அந்த மெக்கானிக்கல் டிப்ளமோ. மிஷின் வலமும் இடமுமாக இரண்டு மணி நேரம் ஓடியது. ஒரு படி தவறவில்லை. மாமி நாற்காலியில் உட்காரவே இல்லை.

பலகையைக் கேட்டில் மாட்ட ஓட்டை போட இடம் பார்த்தார். புது ஓட்டை போடவில்லை. 'நாய்கள் ஜாக்கிரதை' தகட்டின் இரண்டு ஸ்க்ரூவைக் கழற்றி, அதே இடத்தில் தன் பலகையை வைத்து முடுக்கினார். கோயிலிலிருந்து வந்த மாமா கேட்டைப் பிடித்தபடி வெகுநேரம் நின்றார்.

"நாய் போர்டு எங்கே?"

"நாய் எங்கே இருக்கு?" என்றார் மாமி.

மாமா இன்னொரு தடவை மேலிருந்து கீழ்வரை படித்தார். டி.எம்.இ. என்ற இடத்தில் விரலை வைத்துப் பார்த்தார். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார்.

புதுப் பலகைக்கு ஒரு மாலை வாங்கிப் போடட்டுமா என்று கேட்டேன். மாமி ஸ்க்ரூடிரைவரை இடுப்பில் செருகிக்கொண்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"வாங்கிண்டு வா. நார்ல கட்டினதா பார்த்து வாங்கு" என்றார். "நூலா இருந்தா நீயே போட்டுக்கோ."